அருணா போடாத பிடி

அருணாவுக்கு ஒருவர் மேல் கோபம் வந்தால் அது அவருக்கு உடனே தெரியாது. கத்த மாட்டாள், மண்ணை வாரித் தூற்ற மாட்டாள். மனசுக்குள் போட்டுப் பூட்டி வைத்துக்கொள்வாள். செம்மேட்டிலிருந்து வரும் ஒரு தனியார் பஸ் ஒரு மழை நாளில் அவள் கை காட்டியும் நிற்காமல் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த பஸ்ஸில் அவள் ஏறியதே இல்லை. டிரைவர் மாறினார், முதலாளி மாறினார், பஸ்ஸின் பெயிண்டும் மாறிவிட்டது. "வண்டி அதேதானுங்கக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள்.

வாசலூர்பட்டி போட் ஹவுஸில் டிக்கெட் கிழிக்கும் வேலை எனக்கு. என் ஜன்னலுக்கு எதிரில்தான் அவள் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் கதையைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். தனசேகரன் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கும் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. அருணா தேவனூர் நாட்டில் பிறந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். கட்டியவன் யுவராஜ் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். முதலில் மாதா மாதம் வந்தான், பிறகு பொங்கலுக்கு மட்டும் வந்தான், பிறகு அதுவும் இல்லை. அவன் வாங்கிக் கொடுத்த தங்கத் தோட்டை வைத்துக்கொண்டு அழ அவள் தயாராக இல்லை. அதை விற்று, அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போய், ஒரு செவலைப் பெண் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். மலைப்பாதை வளைவுகளில் குதிரை மிரண்டுவிடும் என்று லாரிக்காரர் பயந்திருக்கிறார். அருணா பின்னால் ஏறி, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு மலை உச்சி வரை நின்றபடியே வந்தாள். சிட்டு என்று பெயர் வைத்தாள்.

சுற்றுலா வருகிறவர்களின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றி வருவதுதான் சிட்டுவின் வேலை. சாயங்காலம் வேலை முடிந்ததும் அதற்கு ஒரு கூடை குச்சிக்கிழங்குத் தோல், அதாவது மரவள்ளித் தோல், கிடைக்கும். ஏரிக்கரை நெடுக சிப்ஸ் கடைகள் இருக்கின்றன. அவர்கள் சீவிப் போடும் தோலை மூட்டை கட்டி எடுத்துப் போவது மலையில் குதிரை வைத்திருக்கிற எல்லோருக்கும் பழக்கம். குச்சிக்கிழங்குத் தழையைத் தின்றால் ஆடு செத்துப்போகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தோல் வேறு, கொஞ்சம் வாடினால் போதும், குதிரையை ஒன்றும் செய்யாது என்றுதான் எல்லோரும் நம்பினோம். சிட்டுவுக்கு அதன் மேல் உயிர். கூடையைக் கண்டால் கனைக்கும்.

அது செத்தது ஆடி மாதத்தில், ஓரி விழா சமயம். நான்கைந்து நாளாக வெயிலே இல்லை, மலை முழுக்க மூடுபனி. மத்தியானம் ஏரிக்கரையிலேயே சிட்டு படுத்துவிட்டது. வயிறு உப்பி, காலால் வயிற்றை உதைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. அரசு மருத்துவர் அன்று கீழே முகாமுக்குப் போயிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. மலையில் அன்றைக்கு இருந்த ஒரே குதிரை டாக்டர் சுமித்ரா. அவர் இருந்தது செம்மேட்டில், தனசேகரனின் கெஸ்ட் ஹவுஸில்.

தனசேகரன் அடிவாரத்துக்காரர். காரவள்ளிப் பக்கம் தென்னந்தோப்பும் வயலும் ஏராளம். ரேக்ளா பந்தயத்துக்குக் குதிரை வளர்ப்பது அவருக்குக் கௌரவம். அவரைப் போன்றவர்கள் சேர்ந்து ஒரு குதிரை வளர்ப்போர் சங்கம் வைத்திருக்கிறார்கள், தலைவர் அவர்தான். சுமித்ரா அந்தச் சங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் டாக்டர். விழாவில் ஊர்வலம் விட தனசேகரன் கொண்டுவந்திருந்த ஆண் குதிரைக்குக் குளம்பில் ஒரு கீறல். அதற்குத்தான் டாக்டரை மலைக்கு வரவழைத்திருந்தார்.

அருணா யாரோ ஒருவரின் பைக்கில் தொற்றிக்கொண்டு செம்மேட்டுக்குப் போனாள். தனசேகரன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நெல்லிக்காய் கடித்துக்கொண்டிருந்தாராம்.

"ஏனுங்க, டாக்டரம்மாவைக் கொஞ்சம் அனுப்புங்க. குதிரை வயிறு உப்பிக் கெடக்குதுங்க."

"சங்கத்து டாக்டரு சங்கத்துக் குதிரைக்குத்தான். ஏரிக்கரையில சுத்துற மட்டக்குதிரைக்கெல்லாம் அனுப்புனா, நாளைக்குக் கழுதைக்கும் வந்து கேப்பீங்க. போ, போ."

டாக்டர் உள்ளேதான் இருந்திருக்கிறார். வெளியே ஒருத்தி வந்து நிற்கிறாள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அருணா காலில் விழுந்தாள். அதை அவளே என்னிடம் சொன்னாள். குதிரை செத்ததைச் சொன்னபோதுகூட அழாதவள், காலில் விழுந்ததைச் சொன்னபோது அழுதாள். திரும்பி வந்தபோது சிட்டுவின் கண்ணில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. மஞ்சள் பூசி, புதுத்துணி போர்த்தி, ஏரிக்கு மேலே இருக்கும் அவள் உழுகிற காட்டிலேயே புதைத்தோம்.

அதன் பிறகு ஆலத்தூர் நாட்டுச் செல்லமுத்துவின் கிழட்டுக் குதிரையை, வருமானத்தில் அவருக்கும் பங்கு என்று, வாரத்துக்கு வாங்கி ஓட்டினாள். செல்லமுத்து, ரோடு போகாத ஊர்களிலிருந்து மிளகு மூட்டையைக் குதிரையில் ஏற்றி இறக்குகிறவர், நாலு பேர் மதிக்கிற மனிதர். "நடந்தது நடந்துபோச்சு, உடு சாமி" என்று அவர் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். அருணா அடுத்த செவ்வாய்க்கிழமை எட்டுக்கை அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"அவுரு என்ற வாசல்ல வந்து நிக்கோணும். அவ்வளவுதானுங்கக்கா."

அம்மன் கொஞ்சம் நிதானமாகத்தான் வேலை செய்தாள். ஆனால் செய்தாள்.

சென்னையில் ஏதோ ஒரு அறக்கட்டளை குதிரை நோய்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி கொடுப்பதாகக் கேள்விப்பட்டு, தனசேகரன் சங்கத்தின் பேரில் கேட்டிருக்கிறார். அவர் திட்டமெல்லாம் பந்தயக் குதிரையின் காலைப் பற்றியது. ஓடி ஓடி முட்டிக்குக் கீழே நரம்பு வீங்கிப் போவது ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். அறக்கட்டளையோ மலைமக்களின் கால்நடைக்கு உதவுவதற்கென்றே இருப்பது. அதனால் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்கள். எந்த நோயை முதலில் ஆராய்வது, எதை அடுத்து எடுப்பது என்பதை மலையிலும் அடிவாரத்திலும் குதிரை வைத்திருப்பவர்கள் கூடி முடிவு செய்ய வேண்டும். மலைக்காரர்கள் சம்மதம் இல்லாமல் நிதி கிடையாது. மலையில் குதிரை வைத்திருப்பவர்களை எல்லாம் சேர்த்தாலும் ஒரு மினி பஸ் நிறையாது. அந்த மினி பஸ் கூட்டத்திடம் தனசேகரன் கை கட்டி நிற்க வேண்டி வந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

கூட்டம் போட் ஹவுஸ் பக்கத்துக் கொட்டகையில் நடந்தது. அறக்கட்டளையிலிருந்து மேனகா என்று ஒரு அதிகாரி வந்திருந்தார். தனசேகரன் வெறுங்கையோடு வரவில்லை. மலைக் குதிரைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பளி, இலவசமாக லாடம் அடித்துத் தருவதாக வாக்கு, கூடவே கூட்டத்துக்குச் சோறாக்க ஒரு சமையல்காரர். "காலு இல்லீன்னா குதிரை ஏதுங்க?" என்று பேச ஆரம்பித்து, கால் நோய்தான் முதலாவது என்று அவரே முடித்தும் வைத்தார். அவர் பட்டியலில் வயிற்று வலி ஐந்தாவதோ ஆறாவதோ இருந்தது. மலைக் குதிரைகள் சாவது முக்கால்வாசியும் வயிற்று வலியில்தான்.

எங்கள் ஆட்கள் பொதுக் காரியம் முடிவு செய்யும்போது கை தூக்குவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு பிடி சாமை அரிசி கொண்டுவருவார். சம்மதம் என்றால் பொதுப் பானையில் போடுவார். எல்லோர் பிடியும் விழுந்த பிறகுதான் உலை வைப்பது. அந்தச் சோற்றை எல்லோரும் உட்கார்ந்து தின்றால்தான் முடிவு முடிவு. ஒரே ஒரு பிடி விழாவிட்டாலும் பேச்சு தொடரும், நாள் கணக்கில் தொடர்ந்ததும் உண்டு.

ஒவ்வொருவராகப் போட்டார்கள். கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு எப்படிப் போடாமல் இருப்பது? செல்லமுத்துகூட போட்டார். அருணா மட்டும் கடைசி வரிசையில் கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூடிய கைக்குள் சாமை இருந்தது. எழுந்திருக்கவும் இல்லை, மறுத்துப் பேசவும் இல்லை.

தனசேகரன் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒருத்திதானே, வாய் திறக்கவில்லையே, சரி என்றுதானே அர்த்தம் என்று அவர் கணக்குப் போட்டார். அடிவாரத்துக் கணக்கு. சமையல்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவர் பானையைத் தூக்கி அடுப்பில் வைத்து உலையும் கொதிக்க விட்டுவிட்டார். மலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இலை போட்டதும் ஒருவரும் உட்காரவில்லை. மடியிலிருந்த கம்பளிகளை அப்படியே பெஞ்சின் மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார்கள்.

மேனகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. செல்லமுத்துவிடம் கேட்டார்.

"இன்னும் ஒரு பிடி உழுவலீங்க. அதுக்குள்ள ஒலை வெச்சுட்டாங்க. இந்தச் சோத்தை நாங்க தொட மாட்டமுங்க."

"அப்ப முடிவு?"

"முடிவே ஆவலீங்களே."

மேனகா தனசேகரனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வேட்டியைச் சரி செய்துகொண்டார். சோறு அத்தனையும் ஏரிக்கரை நாய்களுக்குப் போயிற்று. அன்று சாயங்காலம் எனக்கு வேலையே ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுவாரம் அவர் அருணாவின் வாசலுக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். இருக்க வேண்டும் என்றே இருந்தேன். அருணா மிளகைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அவரை உட்காரச் சொல்லவில்லை. முறத்திலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

"அம்மிணி, அன்னைக்கு ஏதோ ஒரு நெனப்புல பேசிப்புட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். செம்மேட்டில் 'போ, போ' என்று சொன்ன வாயில் இப்போது 'ங்க' வந்து சேர்ந்திருந்தது. "நல்ல சாதிக் குட்டி ஒன்னு நிக்குது. ஆளுகிட்டக் குடுத்து அனுப்பி உடறேன், வெச்சுக்கோங்க."

"குட்டி வேண்டாமுங்க."

"வேற என்னதான் வேணும்?"

"வயித்து வலி மொதல்ல. உங்க குதிரை காலு கடைசியில. அதையும் நீங்கதான் கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லோணும். ஏரிக்கரைக் குதிரை வயிறுதான் பெருசு, என்ற குதிரை காலு அப்புறம்னு உங்க வாயால சொல்லோணும்."

"இது என்னைய அவமானப்படுத்தறதுதானுங்களே?"

"ஆமாங்க" என்றாள் அருணா.

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் நிதி வந்தால் ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தன் தோப்பில் இடம் கொடுத்து, வாசலில் தன் அப்பாவின் பெயரைப் பொறிக்கலாம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பின்வாங்கினால் அதைவிடப் பெரிய அவமானம். அடுத்த கூட்டத்தில் எழுந்து, அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். பாதியில் குரல் தாழ்ந்தது. "கேக்கலீங்க" என்று அருணா கடைசி வரிசையிலிருந்து சொன்னாள். மறுபடி உரக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் எழுந்து போய்ப் பிடியைப் பானையில் போட்டாள்.

இத்தோடு அவள் ஆத்திரம் தீர்ந்திருக்கும் என்று நான் நினைத்தேன். என் அவசர புத்தி. அன்று வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவள் மனதில் இருந்தது எனக்குத் தெரிந்தது.

"ஆராய்ச்சி முடியட்டுமுங்கக்கா. டாக்டரு நேரத்துக்கு வந்திருந்தா சிட்டு பொழைச்சிருக்கும்னு அவங்க எழுதிக் குடுப்பாங்க. அப்பத் தெரியும், என்ற குதிரையைக் கொன்னது ஆருன்னு."

வெளியே எல்லோருக்கும் அது ஆராய்ச்சி. அவளுக்கு அது சாட்சி.

நிதி வந்தது. சுமித்ரா மலையிலேயே வந்து தங்கி வேலையை ஆரம்பித்தார். அன்று வாசலில் ஒருத்தி வந்து நின்ற விஷயம் தெரிந்ததிலிருந்து அவருக்கும் உறுத்தல். அவருக்குப் பெரிய தடை ஒன்று இருந்தது. காரணம் தெரிய வேண்டுமானால், செத்த குதிரையின் வயிற்றை உடனே அறுத்துப் பார்க்க வேண்டும். மலையில் யார் அதற்கு விடுவார்கள்? வீட்டு ஆளைப் போல் மஞ்சள் பூசிப் புதைக்கிற உயிர். முதலில் கேட்ட வீட்டில் டாக்டரை விளக்குமாறு எடுக்காத குறையாக விரட்டினார்கள்.

அருணாதான் வீடு வீடாக ஏறினாள். ரோடு முடிகிற இடத்திலிருந்து இறங்கி, காப்பித் தோட்டங்களுக்குள் நடந்து, குதிரை செத்த வீடுகளில் அவர்களோடு உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் கேட்டாள். "உங்க குதிரையும் போயிருச்சு, என்றதும் போயிருச்சு. எதனாலன்னு தெரியாமயே பொதைச்சுட்டே இருப்பமுங்களா? அறுக்க உடுங்க, சாமி." அத்தாயி என்று ஒரு பெண்மணி, பெற்ற பிள்ளையைப் போல் குதிரை வளர்த்தவர், அருணாவின் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு சுமித்ரா கத்தியை எடுத்தார். அறுத்து முடியும் வரை அருணா பக்கத்திலேயே நின்று தண்ணீர் ஊற்றினாள்.

சுமித்ரா தீவனம், தண்ணீர், சாணி எல்லாம் எடுத்து அனுப்பினார். ஒவ்வொரு வீட்டிலும் என்ன போடுகிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டுத் திரிந்தார். மறு ஆடி வந்து போனது. அப்புறம் ஒரு நாள் முடிவைச் சொல்ல எல்லோரையும் அதே கொட்டகைக்குக் கூப்பிட்டார்கள். அருணா அன்று விசேஷத்துக்குக் கட்டுகிற பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். முன் வரிசையில், தனசேகரனின் முகம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

சுமித்ரா சுற்றி வளைக்கவில்லை. "குச்சிக்கிழங்குத் தோல்தாங்க காரணம். வெயில் இருக்கிற மாசத்துல அது காஞ்சிடுது, பெருசா ஒன்னும் பண்றதில்லை. மூடுபனி மாசத்துல ஈரத்தோட மூட்டையில கெடந்து பூஞ்சை புடிச்சுடுது. தோல்ல இருக்கிற விஷமும் போகலை, பூஞ்சை விஷமும் சேருது. வயித்துக்குள்ள போய்க் குடலையே அழுக வெச்சுடுது. இனிமே ஈரத் தோலைக் குதிரைக்குப் போடாதீங்க."

அந்தத் தோலைப் போடாத மலைக்காரர் அங்கே ஒருவரும் இல்லையே. அத்தாயி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

அருணா எழுந்து நின்றாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்டாள்.

"டாக்டரம்மா, அன்னைக்கு நீங்க வந்திருந்தா சிட்டு பொழைச்சிருக்குமுங்களா?"

சுமித்ரா தயங்கினார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் நான் அவருக்குக் கோயில் கட்டியிருப்பேன். "இல்லைங்க அருணா. வயிறு உப்பிப் படுத்துட்டா, அதுக்கப்புறம் என்கிட்ட எந்த மருந்தும் இல்லை. வந்திருந்தாலும் பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தான் இருந்திருப்பேன்."

தனசேகரன் பெருமூச்சு விட்டார். கொட்டகை முழுக்கக் கேட்டது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "பாத்தீங்களா அம்மிணி? நான் அனுப்பியிருந்தாலும் செத்துத்தான் போயிருக்கும். வீணா இத்தனை நாளு என்ற மேல பழியைப் போட்டுட்டீங்க."

இனி இவள் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வாள் என்று நான் பதறினேன். அருணா அவர் பக்கம் திரும்பினாள். குரல் உயரவே இல்லை.

"பொழைக்காதுன்னு உங்களுக்கு இன்னைக்குத்தானுங்க தெரியும். அன்னைக்குத் தெரியாதுங்களே. பொழைச்சுக்கும்னு நெனச்சு ஒருத்தி கால்ல உழுந்தப்பத்தானே நீங்க அனுப்பலை?"

அவர் மேனகாவைப் பார்த்தார், செல்லமுத்துவைப் பார்த்தார். செல்லமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனசேகரன் எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தன் காருக்குப் போனார்.

அருணாவும் கூட்டம் முடிகிற வரை இருக்கவில்லை. நான் டிக்கெட் ஜன்னலை மூடிவிட்டு அவள் பின்னால் ஓடினேன். அவள் வீட்டுக் கொட்டிலில், கிழட்டுக் குதிரைக்கு என்று கட்டி வைத்திருந்த தோல் மூட்டைகளை இழுத்து வந்து முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள். பட்டுச் சேலையெல்லாம் சேறு. கொட்டிய தோலைக் காலால் மிதித்தாள், மறுபடி மறுபடி மிதித்தாள். நான் போய்க் கட்டிப் பிடித்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"கூடையைக் கண்டா கனைக்குமுங்கக்கா" என்றாள். "இன்னும் கொஞ்சம் போடுன்னு கனைக்கும். நான் போடுவேன்."

தெரியாமல் செய்ததுதானே, எல்லோரும் போட்டதுதானே என்று ஏதேதோ சொன்னேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அந்த ஆளாவது வாயடைத்துப் போனானே, நாலு பேருக்கு முன்னால் தலை குனிந்து போனானே என்று சொன்னேன். கடைசியில், வேறு வழி இல்லாமல், "இன்னுமா அவர் மேல ஆத்திரம் தீரல?" என்று கேட்டுவிட்டேன்.

அருணா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"எப்படித் தீருமுங்கக்கா? இத்தனை நாளு ஒருத்தர் மேல இருந்துச்சு. இப்ப ரெண்டு பேரு மேல."